கேட்டால் தீருவதும் கேட்டால் மட்டும் தீராததும்

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கிருத்திகை அன்று வந்து நிற்கும் பைக்குகளில் ஏதாவது ஒன்றின் இடப்பக்கம் குனிந்து பாருங்கள். பின்சக்கரத்தை ஒட்டி ஒரு கம்பி வலை இருக்கும். சாரி கார்டு என்பார்கள். ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்துவரும் பெண்ணின் முந்தானையோ துப்பட்டாவோ ஆரக்கம்பிகளில் சிக்கிச் சுற்றிக்கொள்ளாமல் தடுக்கிற வலை. கோயிலுக்குப் பக்கத்தில்தான் வல்லம் வடகால் சிப்காட். ராயல் என்ஃபீல்டும் யமஹாவும் அங்கே பைக் செய்கின்றன.

அந்த வலையை யார் கேட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஷோரூமில் பணம் கட்டுகிற இளைஞர் கேட்டிருக்க மாட்டார். வண்டியின் அழகைக் கெடுக்கிறது என்று வாங்கிய வாரமே கழற்றிப் பரணில் போடுகிறவர்கள் நிறையப் பேர். அம்மாவோ மனைவியோ பின்னால் உட்காரும்போதுதான் அதற்கு வேலை. அவர்கள் ஷோரூமுக்கு வந்திருந்தாலும் கேள்வித்தாள் அவர்கள் கைக்குப் போவதில்லை. ஆனாலும் வண்டியோடு வலை வருகிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி அதைக் கட்டாயமாக்கியிருப்பதே காரணம். பின்னால் ஆள் உட்காரும் பைக் என்றால் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்கிறது அது.

பயனர் மைய வடிவமைப்பு என்ற சொல் இன்று கல்லூரி, கம்பெனி, அரசு அலுவலகம் எங்கும் புழங்குகிறது. நல்ல சொல்தான். எந்தச் சிக்கலுக்கு அது மருந்து, எதற்கு அது போதாது என்று பிரித்துப் பார்க்க இந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. டீ சொல்லியாகிவிட்டது, பொறுமையாகப் பேசுவோம்.

முதலில் முறை என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு பொருளைச் செய்வதற்கு முன்னால் அதைக் கையாளப் போகிறவரிடம் போக வேண்டும். அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். மாதிரி ஒன்று செய்து அவர் கையில் கொடுத்து, தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொண்டு, திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் டான் நார்மன் 1986இல் ஸ்டீபன் டிரேப்பருடன் சேர்ந்து தொகுத்த நூலாலும், 1988இல் தனியாக எழுதிய நூலாலும் இந்த எண்ணம் உலகம் முழுக்கப் பரவியது. கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று ஒருவர் திணறினால் குற்றம் கதவைச் செய்தவருடையது என்று சொன்னவர் அவர். அதற்கு முன்பெல்லாம் திணறியவருக்குத்தான் திட்டு விழும். இது பெரிய மாற்றம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

முறை முழுதாகப் பலித்த இடத்துக்கு நம் நாட்டிலேயே சான்று ஜெய்ப்பூர் கால். 1968இல் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கியது. அதற்கு முன் இருந்த மேல்நாட்டுச் செயற்கைக் கால்களுக்கு ஷூ வேண்டும். அவற்றை மாட்டிக்கொண்டு சம்மணம் போட முடியாது, குந்தி உட்கார முடியாது, சேற்றில் இறங்க முடியாது. கால் பெற்றவர்கள் அதை மூலையில் வைத்துவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பினார்கள். ராம்சந்திரர் செய்த ரப்பர் பாதம் நம் ஆட்கள் உட்காருகிற மாதிரி மடங்கியது, வெறுங்காலோடு நடந்தது, தண்ணீரில் நனைந்தது. இங்கே ஏன் இவ்வளவு சுத்தமாகப் பலித்தது? குறை அதை மாட்டிக்கொள்பவரின் உடம்பிலேயே இருக்கிறது. அவரே சொல்ல முடியும். சரியாயிற்றா என்று நாலு அடி நடந்து பார்த்தால் தெரிந்துவிடும். அவருக்கு நல்லதாக அமைவதால் வேறு யாருக்கும் நஷ்டமில்லை.

நோக்கியா 1100 என்ற போனும் அந்த வகைதான். 2003இல் வந்தது. தலையில் டார்ச், தூசி புகாத பொத்தான்கள், வியர்வைக் கையில் வழுக்காத பக்கங்கள். கரன்ட் போகிற ஊர்களையும் புழுதித் தெருக்களையும் கணக்கில் எடுத்துச் செய்ததால் உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. அந்த நோக்கியா இதே ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் ஆலை திறந்தது. 2014 நவம்பர் 1ஆம் தேதி மூடியது. வரித் தகராறில் ஆலை முடங்கியிருந்ததால், நோக்கியாவின் போன் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது கைமாறிய சொத்துகளோடு அது சேரவில்லை. போனை வாங்கியவரின் இருட்டுத் தெருவை நினைத்து டார்ச் வைத்த அக்கறைக்கும், அந்த ஆலையில் வேலை பார்த்த ஆயிரக்கணக்கானோர் வேலையற்றுப் போனதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டும் இரண்டு வகைச் சிக்கல். ஒன்றைத் தீர்க்கும் திறமை இன்னொன்றின் பக்கம்கூடப் போகாது.

இப்போது லாரிக்கு வருவோம். நான் அதிகம் யோசிக்கும் விஷயம் இதுதான்.

ஒரகடம் கூட்டுரோட்டில் மே மாத மதியம் நின்றால் தெரியும். டிரெய்லர்களும் கார் கேரியர்களும் ஆலை வாசல்களில் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும். பழைய லாரியின் கேபினில் ஏறிப் பாருங்கள். காலுக்குக் கீழே இஞ்சின் அனல். முன்கண்ணாடி முழுக்க வெயில். டேஷ்போர்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஃபேன், அதுவும் சூடான காற்றைத்தான் தள்ளும். டிரைவர் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டிருப்பார். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் இரவெல்லாம் வண்டி ஓட்டிய இன்னொருவர் தூங்க முயன்றுகொண்டிருப்பார். தூக்கம் கெட்ட அந்த ஆள்தான் அடுத்த பத்து மணி நேரம் நாற்பது டன்னை நெடுஞ்சாலையில் ஓட்டிப் போகிறார்.

இதே ஒரகடத்தில் டெய்ம்லர் கம்பெனி 2012 முதல் பாரத்பென்ஸ் லாரி செய்கிறது. கேபினில் ஏசி வைக்கும் தொழில்நுட்பம் யாருக்கும் புதிதல்ல. கூடுதல் பணம் கொடுத்தால் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. எந்த டிரைவரைக் கேட்டாலும் வேண்டும் என்றே சொல்லியிருப்பார். அதற்கு ஆய்வே தேவையில்லை. ஆனால் லாரியை வாங்குகிறவர் டிரைவர் அல்ல, ஓனர். ஓனர் கேட்பது மைலேஜ், எவ்வளவு லோடு ஏற்றலாம், டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடும், விற்றால் என்ன விலை போகும் என்பவை. அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. வாடகை டெண்டரில் பத்து ஓனர்கள் போட்டி போடும்போது ஒருவர் மட்டும் ஏசிக்கும் அதற்கான டீசலுக்கும் செலவழித்தால், லோடு அடுத்தவருக்குப் போய்விடும். நல்லது செய்கிறவர் தனியாக நஷ்டப்படுகிற இடம் அது. எவ்வளவு பரிவோடு டிரைவரைப் பேட்டி எடுத்தாலும் இந்த முடிச்சு அவிழாது.

அவிழ்த்தது சட்டம். 3.5 டன்னுக்கு மேற்பட்ட எல்லாச் சரக்கு வாகனங்களிலும் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 டிசம்பரில் அறிவித்தது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்கு அது பொருந்தும். எல்லாருக்கும் ஒரே செலவு என்றானதும் முதலில் செய்தவர் தோற்பார் என்ற பயம் போய்விட்டது. ஏசி கேபின் வேண்டும் என்று பேசியபோது விலை கூடும் என்று சிலர் எதிர்த்ததாக அமைச்சர் நிதின் கட்கரியே மேடையில் சொன்னார்.

சட்டம் வந்ததோடு கதை முடியவும் இல்லை. டீசல் கணக்கை ஓனர் எப்படி வைக்கிறார் என்பதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. மைலேஜ் நன்றாக வந்தால் படியில் கூடுதல், குறைந்தால் பிடித்தம் என்று வைத்திருந்தால், டிரைவரே கையால் ஏசியை அணைத்துவிடுவார். கேபினில் குளிர்சாதனம் இருக்கும்; அதே வியர்வையும் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க மறுபடி அந்த டிரைவரோடு கேபினில் உட்கார்ந்து போகத்தான் வேண்டும். பார்க்கிற வேலைக்குப் பயனர் மைய முறைக்கு மாற்று கிடையாது. பார்த்ததைச் சரிசெய்யும் இடம்தான் வேறு: படிக் கணக்கு எழுதுகிற நோட்டு.

இதே சிக்கல் பிரஸ் ஷாப்பில் இன்னும் துல்லியமாகத் தெரியும். இந்தப் பட்டையில் பெரிய கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் அடித்துத் தரும் சிறிய பட்டறைகள் ஏராளம். தகட்டை டையில் வைத்து பிரஸ் இறங்கும்போது கை உள்ளே இருந்தால் விரல் போகும். அதற்காகத்தான் இரண்டு கைப் பொத்தான். இடக்கையும் வலக்கையும் ஒரே நேரத்தில் வெளியே பொத்தானில் இருந்தால்தான் பிரஸ் இறங்கும். ஓடும் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆவது பிரிவே சொன்னது. ஆனால் ஆபரேட்டரிடம் போய் உங்களுக்கு வசதியாக என்ன செய்யலாம் என்று கேட்டுப் பாருங்கள். இந்தப் பொத்தானில் ஒன்றை எடுத்துவிடுங்கள் என்பார். சில இடங்களில் கேட்காமலேயே ஒரு பொத்தானைக் குச்சி வைத்தோ டேப் சுற்றியோ அமுக்கி நிறுத்தியிருப்பார்கள். ஒரு கையால் தகடு வைக்க, மறு கையால் அடிக்க.

அந்த டேப்பைப் பார்த்ததும் ஒழுங்கீனம் என்று சூப்பர்வைசர் மெமோ கொடுப்பார். பொத்தானை இன்னும் சுலபமாக்குகிறேன் என்று இளம் வடிவமைப்பாளர் கிளம்புவார். இரண்டும் தவறு. அந்த டேப் ஒரு செய்தி. ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்று போட்ட டார்கெட், இரண்டு கையையும் வெளியே வைத்து அடித்தால் வராது என்று அது சொல்கிறது. ஒப்பந்தத் தொழிலாளி டார்கெட் தவறினால் நாளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். ஆக, பயனர் கேட்பதைக் கொடுத்தால் விரல் போகும். கேட்பதை மறுத்துவிட்டு டார்கெட்டை அப்படியே விட்டாலும் விரல் போகும். மாற்ற வேண்டியது டார்கெட்டை. அது டிசைன் ஸ்டுடியோவில் இல்லை, வாங்கும் கம்பெனி ஒரு பீஸுக்கு எத்தனை ரூபாய் தருகிறது என்ற ஒப்பந்தத்தில் இருக்கிறது.

இந்த ஊர்ப் பக்கம் யாரும் மறக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதி ஒன்றில் 2021 டிசம்பரில் சாப்பாடு விஷமாகி 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அந்தப் பெண்களும் தோழிகளும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். நெரிசலான அறைகள், தரையில் படுக்கை, சரியான தண்ணீர் இல்லாத கழிப்பறை என்று எல்லாம் அப்போது வெளியே வந்தது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தரமாக இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. சில வாரம் மூடியிருந்த ஆலை 2022 ஜனவரியில் திறந்தது.

பெட்டியைத் திறக்கும்போது மூடி எந்த வேகத்தில் எழ வேண்டும் என்பது வரை யோசித்துச் செய்கிற பொருள் ஐபோன். பயனரைக் கவனித்துச் செய்வதற்கு உலகமே அதைத்தான் உதாரணம் காட்டும். அதைப் பூட்டுகிற பெண்ணின் தட்டில் விழும் சோற்றையும் அவள் போகும் கழிப்பறையையும் யாரும் அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை. அவர்களை வடிவமைக்கும் மேசையில் பயனர் என்று யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான். யார் பயனர் என்று வரையறுக்கும் இடத்திலேயே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. அந்த முடிவை எடுப்பவர் பெரும்பாலும் பணம் போடுபவர்.

பிறகு வல்லம் வடகாலில் சிப்காட் ஒரு விடுதி கட்டியது. 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, 13 கட்டடங்கள், 18,720 படுக்கைகள், அறைக்கு ஆறு பேர். 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். வல்லக்கோட்டையிலிருந்து பார்த்தால் எட்டும் தூரம். இதில் பயனரைக் கேட்டுச் செய்ய வேண்டியவை விரல் விட்டு எண்ணும் அளவைவிட அதிகம். நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் தூங்குகிறவளும் காலை ஷிப்டுக்குக் கிளம்புகிறவளும் ஒரே அறையில் இருந்தால் விளக்கை எங்கே வைப்பது? துவைத்ததை மழைக்காலத்தில் எங்கே உலர்த்துவது? தர்மபுரிப் பெண்ணுக்கும் ஒடிசாப் பெண்ணுக்கும் ஒரே கூட்டு ஒத்துவருமா? இவற்றுக்கு அந்தப் பெண்களைத் தவிர யாரிடமும் பதில் இல்லை. தயவுசெய்து அவர்களைக் கேளுங்கள்.

ஆனால் எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், வேலை போனால் எத்தனை நாளில் கட்டிலைக் காலி செய்ய வேண்டும், விடுதியில் நடந்ததை யாரிடம் புகார் செய்தால் வேலைக்கு ஆபத்து வராது என்பவை படிவத்தில் நட்சத்திரம் போட்டுத் தீர்பவை அல்ல. சாம்சங் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் 2024 செப்டம்பர் 9இல் தொடங்கி 37 நாள் நடந்த வேலைநிறுத்தத்தின் நடுவில் இருந்தது சங்கத்துக்கு அங்கீகாரம் என்ற கோரிக்கை. கருத்துக் கேட்கப்படுவதற்கும் பேச உரிமை இருப்பதற்கும் உள்ள தூரம் அங்கே தெரிந்தது. முதலாவது கேட்பவரின் விருப்பம்; பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் கேட்காமல் விட்டுவிடலாம்.

இன்னொரு டீ சொல்லுங்கள், ஏரியைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஆலை வளாகத்துக்குள் தண்ணீர் தேங்கக் கூடாது என்று உள்ளே இருப்பவர் கேட்பார். நியாயம். மேடாக்கி வடிகால் வெட்டித் தண்ணீரை வெளியே விடுவார்கள். வளாகத்துப் பயனருக்குக் குறையே இல்லை. ஒரகடத்துக்குக் கிழக்கே மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளின் உபரி நீர் அடையாற்றுக்குப் போகிறது. 2015 டிசம்பரில் அந்த வழியில் முடிச்சூரும் வரதராஜபுரமும் முதல் மாடி வரை மூழ்கின. மேலே கட்டடம் கட்டும்போது முடிச்சூர்க்காரர் யாருக்கும் பயனர் அல்ல. தண்ணீர் அவரைத் தேடிப் போவது பல வருடம் கழித்து, பெருமழை அன்று. அவர் குறையை வரைபடம் போடும் நாளில் கேட்டிருந்தாலும் அவருக்கே தெரிந்திருக்காது. நீரியல் தெரிந்த பொறியாளரும், பழைய வாய்க்கால் வரைபடமும், வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமுள்ள அமைப்பும் சேர்ந்துதான் அதைச் சொல்ல முடியும்.

இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் ஏரிக்கென்றே அறுவர் கொண்ட வாரியத்தைப் பேசுகின்றன. குடவோலையில் எடுப்பது, ஒரு வருடம் இருப்பது, கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது என்று விதிகள். ஏரி ஒவ்வொருவரின் தனி வசதியைக் கூட்டினால் வருவதல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்கள்தான் அந்த வாரியத்துக்கு வர முடியும் என்பதும் அதே கல்லில் இருக்கிறது. மடையில் கால் வைத்து வேலை செய்தவர்களுக்கு அங்கே ஓலை இல்லை. அமைப்பு இருந்தும் கேட்க வேண்டியவர்களைக் கேட்காத குறை அது. இன்றைய திட்டக் குழுக்களுக்கும் அந்தக் குறை தீரவில்லை.

நார்மனே 2005இல் எழுதிய ஒரு கட்டுரையில் மனித மைய வடிவமைப்பை எல்லாவற்றுக்கும் மந்திரமாக்குவது தீங்கு என்று எச்சரித்தார். ஆளைப் பார்ப்பதோடு நிற்காமல் அவர் ஈடுபட்டிருக்கும் வேலை முழுவதையும் பாருங்கள், கேட்டதையெல்லாம் சேர்த்தால் பொருள் குழம்பிப் போகும் என்பது அவர் வாதம். எனக்கு அதைவிட ஒரு படி மேலே போகத் தோன்றுகிறது. வேலையைப் பார்த்தாலும் போதாது. அந்த வேலைக்கு விலை வைப்பவரையும் பார்க்க வேண்டும்.

வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில், மேலக்கோட்டையூரில், வடிவமைப்புக்கும் உற்பத்திக்கும் என்றே மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்தும் மற்ற கல்லூரிகளிலிருந்தும் மாணவர்கள் இந்தப் பட்டைக்குப் புராஜெக்ட் செய்ய வருகிறார்கள். வாருங்கள், நன்றாகக் கேளுங்கள். டிரைவரோடு கேபினில் ஏறுங்கள், பிரஸ் பக்கத்தில் ஒரு ஷிப்ட் முழுக்க நில்லுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் பொருளைக் கையாளுகிறவர் யார், பணம் கொடுப்பவர் யார், பக்கத்திலோ பள்ளத்திலோ இருந்து அதன் விளைவைச் சுமப்பவர் யார் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயர் வந்தால் உங்கள் முறையே போதும், தயங்காமல் செய்யுங்கள். வேறு வேறு பெயர் வந்தால் உங்கள் அறிக்கையின் ஒரு பிரதியைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கும், சங்கத்துக்கும், ஊராட்சிக்கும் கொடுங்கள். பிறகு நீங்கள் பேட்டி எடுத்த ஆளிடம் திரும்பப் போய், எது மாறியது, எது மாறவில்லை, மறுத்தது யார் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.